மொழிக்காரம்மா போட்ட 'ங்க'

டாக்டர் ஏழு நிமிடம் பேசுவதை மாஸ்டர் மூன்று சைகைகளில் முடித்துவிடுவார். மாத்திரை, தண்ணீர், ஒன்றுமில்லை. கட்டைவிரல் நாக்கைத் தொட்டால் மாத்திரை. குவித்த கை வாயருகே போனால் தண்ணீர். விரித்த கையை மணிக்கட்டோடு ஒரு திருப்புத் திருப்பினால் ஒன்றுமில்லை. பிறவியிலேயே காது கேளாத தங்கைக்கு இருபத்தைந்து வருடங்களாக ஆஸ்பத்திரி, பாங்கு, பள்ளிக்கூடம், கல்யாணப் பேச்சு எல்லாவற்றிலும் அவர்தான் வாய். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, மேற்பார்வையும் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் அதன் சௌகரியம் என்பது அவருக்கு உள்ளூரத் தெரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. அதனால்தான் தெருவில் எல்லாருக்கும் மாஸ்டர். அவருடைய காரில் கற்றுக்கொள்பவர் பக்கம் ஸ்டியரிங் இருக்கும். மாஸ்டர் பக்கம் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் தனியாக இருக்கும். கற்றுக்கொள்பவர் பயப்படுவதற்கு அரை விநாடி முன்பே இவர் பயந்து அழுத்திவிடுவார். இருபது வருடம் இப்படி உட்கார்ந்ததில் கார் இல்லாத இடத்திலும் அவர் கால் பிரேக்கைத் தேட ஆரம்பித்துவிட்டது. சினிமாக் கொட்டகையில் யாராவது மாடியிலிருந்து விழுந்தால்கூட முன் வரிசை நாற்காலிக்கு ஒரு உதை விழும்.

தங்கை பல் செட் செய்யும் லேபில் இருந்தாள். மெழுகில் பல் செதுக்குவது அவள் வேலை. அவள் செதுக்கிய பற்களை மாட்டிக்கொண்டு ஊரில் எத்தனை பேர் எத்தனை பொய் சொல்லியிருப்பார்கள் என்று மாஸ்டர் கேலி செய்வார். தன் சொந்தப் பற்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தங்கையின் கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பத்து மாதம் கடலில். அவளும் எட்டு வயது மகளும் மாடியில், மாஸ்டரும் மனைவியும் கீழே.

அவள் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு தெரிந்துகொள்ள வரச்சொன்ன நாள் அது.

"அங்க போய் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றாள் மனைவி, வாசலில்.

"என் வேலையே வாய்தானே."

"அதனாலதான் சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் காது கேளாதவர்களுக்காகப் புது ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. முன்பெல்லாம் பெயரைக் கூப்பிடுவார்கள். இப்போது திரையில் நம்பர் வரும். திரையைத் தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். ஆகவே காது கேட்பவர், கேளாதவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் தூணைச் சுற்றிக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்து டாக்டர் அறைக்கு வெளியே என்பதால் பொருத்தமாகவும் இருந்தது.

கருநீலச் சட்டை போட்ட, நாற்பது வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள் நேராகத் தங்கையிடம் வந்தார். இருவரும் கையால் பேசத் தொடங்கினார்கள். சிரித்தார்கள். மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கையின் கைகள் இந்த வேகத்தில் ஓடி அவர் கண்டதில்லை. வீட்டில் அவருக்காக அவை எப்போதும் இரண்டாவது கியரில்தான் போகும்.

"வணக்கம் சார். நான் சைகை மொழிபெயர்ப்பாளர். இன்னைக்கு உங்க தங்கச்சிக்காக வந்திருக்கேன்."

"யார் வரச் சொன்னா?"

"அவங்கதான். போன வாரமே ஆஸ்பத்திரியில ஃபார்ம் எழுதிக் கொடுத்திருக்காங்க."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே."

அந்த அம்மாளின் கைகள் அசைந்தன. தங்கை பதிலுக்கு ஒரே ஒரு அசைவு செய்தாள்.

"தெரியும்," என்றார் அந்த அம்மாள்.

மாஸ்டருக்கு யாரைக் கண்டாலும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். மொழிக்காரம்மா என்று வைத்தார். மனதுக்குள் வைத்ததால் அது மொழிபெயர்க்கப்படவில்லை. அன்று அவர் சொன்னவற்றில் அப்படித் தப்பித்தது அது ஒன்றுதான்.

உள்ளே போனதும் மொழிக்காரம்மா முதலில் நாற்காலிகளை மாற்றினார். டாக்டருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால், அவர். எதிரே தங்கை, அப்போதுதான் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். டாக்டருக்கும் தங்கைக்கும் நடுவில் வழக்கமாக இருக்கும் மாஸ்டரின் நாற்காலி, சுவரோரம் எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போனது. மாஸ்டரும் கூடவே போனார்.

"ரெண்டு விஷயம் சொல்லிடறேன்," என்றார் மொழிக்காரம்மா. "இந்த ரூம்ல யார் என்ன பேசினாலும் அது அவங்களுக்குப் போயிடும். அவங்க பேசறது என் வாயில 'நான்'னுதான் வரும். நான் எதையும் சேர்க்க மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

மாஸ்டர் தலையாட்டினார். கண்ணாடியைப் பாருங்கள், சிக்னல் போடுங்கள், அப்புறம் திருப்புங்கள் என்று அவர் பாடம் நடத்தும்போது கற்றுக்கொள்பவர்கள் ஆட்டுவார்களே, அதே தலையாட்டல்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கு?"

தங்கையின் கைகள் கழுத்துக்குப் போய் வந்தன.

"எனக்கு ஒரு மாசமா முழுங்கும்போது அடைக்கிற மாதிரி இருக்கு," என்றார் மொழிக்காரம்மா.

"அடடா, உங்களுக்குமா?" என்றார் மாஸ்டர், உண்மையான கவலையோடு.

ஒரு நொடி அறையில் எதுவும் அசையவில்லை. பிறகு மொழிக்காரம்மாவின் கைகள் மட்டும் அசைந்தன. தங்கையின் தோள்கள் குலுங்கின. டாக்டர் ஸ்கேன் படத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் எடை மெஷினின் முள்ளைப் பார்த்தார்.

ஊசிப் பரிசோதனையின் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்திருந்தது. கெட்ட கட்டி என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. வழி இரண்டு என்றார் டாக்டர். தைராய்டு சுரப்பியில் கட்டி இருக்கும் பாதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். அல்லது மூன்று மாதம் பொறுத்து, மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம். பொறுத்தால் வளரலாம், வளராமலும் போகலாம்.

"ஆபரேஷன்ல ஒரு ரிஸ்க் சொல்லணும். குரலுக்குப் போற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகுது. நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு அதுல அடி படலாம். குரல் கரகரன்னு ஆயிடும். சிலருக்குத் திரும்பிச் சரியாகாது." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டருக்கு உறைத்தது போலிருந்தது. "உங்க விஷயத்துல, அதாவது..."

டாக்டர் தடுமாறியதை மாஸ்டர் பார்த்தார். தடுமாறுகிறவர்களைக் காப்பாற்றுவது அவர் தொழில். கால் தரையை அழுத்தியது.

"அதெல்லாம் பரவாயில்ல டாக்டர். அவ என்ன பாட்டுக் கச்சேரியா பண்ணப் போறா? முதல்ல கட்டியை எடுத்துடுங்க."

மொழிக்காரம்மாவின் கை அதையும் சொன்னது. கச்சேரி என்ற இடத்தில் அவர் விரல்கள் ஒரு மைக்கைப் பிடித்து, முகம் ராகம் இழுத்தது. நல்ல மொழிபெயர்ப்பு. தங்கை சிரிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பவும் இல்லை. டாக்டரைப் பார்த்தே பேசினாள்.

"எனக்குக் குரல் இருக்கு," என்றார் மொழிக்காரம்மா. "நான் அதைக் கேட்டதில்ல. என் பொண்ணு கேக்கறா. ரோட்டுல அவ முன்னாடி ஓடினா நான் கத்துவேன், அவ நின்னுடுவா. வேற யார் கத்தினாலும் நிக்க மாட்டா. அந்தக் குரல் கரகரன்னு ஆச்சுன்னா எவ்வளவு ஆகும்? அப்புறம் கத்த முடியுமா? கத்தினா தூரத்துல இருக்கறவங்களுக்குக் கேக்குமா?"

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இதை நானே முதல்ல கேட்டிருக்கணும்," என்றார். கேட்டு, எழுதிக்கொண்டார்.

மாஸ்டருக்கு அந்தக் குரல் தெரியும். தெருவுக்கே தெரியும். அடிவயிற்றிலிருந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், கதவு இழுபடுவது போல் வரும். சின்ன வயதில் பஸ்ஸில் அவள் அப்படிக் கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் உடனே உதட்டில் விரலை வைப்பார். 'சத்தம்' என்பதற்கு அதுதான் அவர்கள் வீட்டுச் சைகை. அவள் ஏழு வயதுக்குள் அதைக் கற்றுக்கொண்டு பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டாள். கற்றுக்கொடுப்பதில் அவர் அப்போதே கெட்டிக்காரர். அதைக் குரல் என்று யாரும் அவரிடம் சொல்லியதில்லை. அவரும் கேட்டதில்லை.

டாக்டர் படம் வரைந்து நரம்பைக் காட்டினார். தங்கை கேள்விமேல் கேள்வி கேட்டாள். மாஸ்டர் கணக்கெடுத்தார்: பதினான்கு. அவர் மொழிபெயர்த்த காலத்தில் அவள் டாக்டரிடம் மொத்தமாகக் கேட்ட கேள்விகள் மூன்றோ நான்கோ இருக்கும். அப்போதெல்லாம் அவளுக்குக் கேள்விகளே இல்லை என்று அவர் நினைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினார்.

"ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி தொண்டை வலின்னு வந்தப்பவே இது சின்னதா இருந்திருக்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணணும், ஒருவேளை வளர்ந்திருந்தா எடுக்க வேண்டி வரும்னு இங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்க ஏன் வரல?"

மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். தங்கை உதட்டைப் படிப்பாள் என்பதால் கையால் வாயை மறைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, டாக்டருக்கு மட்டும் சொன்னார்: "அதை இப்ப அவகிட்ட கேக்காதீங்க டாக்டர். நான் அப்புறம் தனியா விளக்கறேன்."

மொழிக்காரம்மா அவர் எவ்வளவு மெல்லச் சொன்னாரோ அவ்வளவு மெல்ல, மடியருகே, சின்னச் சின்னதாகச் சைகை செய்தார். ரகசியமாகச் சொன்னதும் மொழிபெயர்ப்பில் சேர்த்தி போலிருக்கிறது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஒரு தடவையோடு போகும். மாஸ்டருக்கு இது மூன்றாவது.

தங்கை நாற்காலியோடு திரும்பினாள். அண்ணனை நோக்கி விரலை நீட்டினாள். கைகள் நிதானமாக அசைந்தன.

"அண்ணே, நீங்க அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றார் மொழிக்காரம்மா.

கேள்வியை விட்டுவிட்டு மாஸ்டரின் மனம் அந்த 'அண்ணே'யைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தெட்டு வருடத்தில் தங்கை அவரை முழு வார்த்தையாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை, வேறொருவர் வாயிலென்றாலும். அதிலும் நீங்க என்றாள். அவர் மனதுக்குள் பேசும் தங்கை எப்போதும் நீங்க என்றுதான் சொல்வாள். நீங்க சொன்னா சரிதான் அண்ணே என்பாள். போனில் அவள் அனுப்பும் செய்திகளிலிருந்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. 'பால் இல்லை', 'ஐந்து மணி', 'சாவி' என்று அனுப்புவாள். வினைச்சொல் வந்தால்தானே மரியாதை வரும். இப்போது காதாலேயே கேட்டாகிவிட்டது. முங்குகிறவன் துரும்பைப் பிடிப்பது போல் அவர் அதைப் பிடித்தார்.

"பாத்தீங்களா டாக்டர், இவ்வளவு கோவத்துலயும் என் தங்கச்சி மரியாதையைக் குறைக்கல."

மொழிக்காரம்மா அதையும் சொன்னார். தங்கை புருவத்தைச் சுருக்கினாள். என்னவோ கேட்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் மொழிக்காரம்மா. "இப்ப நான் எனக்காகப் பேசறேன். என்ன மரியாதைன்னு கேக்கறாங்க. சைகையில நீ, நீங்க ரெண்டும் ஒண்ணுதான் சார். விரலை நீட்டினா முடிஞ்சுது. வாயால சொல்லும்போது நான் ரெண்டுல ஒண்ணு போட்டாகணும். நீங்க மூத்தவர்னு 'ங்க' போட்டது நான். அவங்க போடல."

இதையே கையாலும் விளக்கினார். தங்கை கவனமாகப் பார்த்தாள். எழுத்தில் அவளுக்கு 'ங்க' தெரியும். அதைத் தன் வாயில் யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரு கேள்வி கேட்டாள்.

"'ங்க' இல்லாம சொன்னா அது கோவமா, செல்லமா?" என்று கேள்வியை வாயால் சொல்லிவிட்டு, மொழிக்காரம்மாவே பதிலும் சொன்னார். "ரெண்டுமா இருக்கலாம். சொல்றவங்களைப் பொறுத்தது."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். பல் செட்டைப் பெட்டியில் வைப்பதற்கு முன் கடைசியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்ப அந்த 'ங்க'வை எடுத்துடுங்க," என்றார் மொழிக்காரம்மா.

கோபமா செல்லமா, எது காரணமென்று தங்கை சொல்லவில்லை. மொழிக்காரம்மா எதையும் சேர்க்கவும் இல்லை.

"அண்ணே, நீ அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்," என்றார் மாஸ்டர்.

"ஏன்?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

தங்கை காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் பேசி முடித்து யாராவது தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பழகியவள்.

"பதினோரு மணிக்கு ஒருத்தருக்கு லைசன்ஸ் டெஸ்ட் இருந்துது. நான் போகணும். சாயங்காலம் விவரமா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

இன்னும் காத்திருந்தாள்.

"சொல்லத் தெரியல," என்றார் மாஸ்டர். "ஆறு மாசம்னு சொல்ல எனக்குக் கை இருக்கு. ஸ்கேன்னு சொல்லவும் எப்படியோ கை இருக்கு. டாக்டர் 'ஒருவேளை'ன்னு சொன்னாங்க. அதுக்கு என்கிட்ட கை இல்ல. வளர்ந்துடும்னு சொல்லலாம், வளராதுன்னு சொல்லலாம். நடுவுல இருக்கறதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதனால ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்த வீட்டில் மொத்தம் இருநூறு சைகைகள் இருக்கும். உண்டு, இல்லை, வா, போ, சாப்பிடு, காய்ச்சல், சத்தம், அடி, நல்ல பிள்ளை. அம்மா செய்தவை பாதி, அண்ணன் செய்தவை பாதி. அதில் யாருக்கும் 'ஒருவேளை' தேவைப்பட்டிருக்கவில்லை. தங்கைக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் சொல்லைச் செய்கிறவர்களின் பட்டியலில் அவள் இல்லை.

மாஸ்டர் மொழிக்காரம்மாவின் கைகளையே பார்த்தார். அவருடைய பேச்சு கைக்கு மாறியபோது ஓர் இடத்தில் இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கித் திரும்பி, தராசுத் தட்டுகள் போல ஒன்று ஏற ஒன்று இறங்கின. அதுதான் போலிருக்கிறது. எவ்வளவு சின்ன வேலை.

தங்கை ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு. இது என் கழுத்து. நீ வெளிய இரு. நான் டாக்டர்கிட்ட பேசணும்."

மாஸ்டர் எழுந்தார். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். வாயைத் திறந்தார், மொழிக்காரம்மாவின் கைகள் தயாராக எழுந்தன. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் இரும்பு பெஞ்சு. நீ வெளிய இரு. அதை அவர் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். கோபமாகச் சொன்னால் கோபமாக இருந்தது. பிரியமாகச் சொன்னால் அதற்கும் இடம் கொடுத்தது. வீட்டில் மனைவி அவரை நீங்க என்கிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் நீங்க. நீ என்று கூப்பிட அம்மாவுக்குப் பிறகு ஆளில்லை. ஒருத்தி கிடைத்திருக்கிறாள், கதவுக்கு வெளியே அனுப்புவதற்காக.

ஒரு நர்ஸ் அட்டையில் கிளிப் போட்ட ஃபார்மோடு வந்தாள். "உள்ள இருக்கற பேஷன்ட்டோட ஆளா? ஆபரேஷனா, வெயிட்டிங்கா? இதுல டிக் போட்டு, கீழ கையெழுத்துப் போட்டுடுங்க."

பேனா கைக்கு வந்துவிட்டது. இரண்டு கட்டங்கள். எந்தக் கட்டம் சரி என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. எடுத்துவிட வேண்டும், நாளைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு வருடம் போனது யாரால் என்று அவருக்குத் தெரியும். கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"தெரியலம்மா," என்றார். "அவங்களைத்தான் கேக்கணும்."

"அவங்களுக்குக் காது கேக்காதுன்னு சொன்னாங்களே."

"கேக்காது. ஆனா சொல்லுவாங்க."

"யாரு, உங்க அம்மாவா?"

"தங்கச்சி."

நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி உள்ளே போனாள்.

அரைமணி நேரம் கழித்துத் தங்கை வெளியே வந்தாள். மொழிக்காரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்; இரண்டாவது மாடியில் கண் டாக்டரிடம் இன்னொருவர் காத்திருக்கிறார் என்றார்.

"என்ன முடிவு பண்ணாளாம்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"உள்ள பேசினதை நான் வெளிய சொல்லக்கூடாது சார். அவங்ககிட்டயே கேளுங்க."

"அவகிட்ட கேட்டா எனக்குப் புரியணுமே."

"அது வேணா நிஜம்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார் மொழிக்காரம்மா.

காருக்கு வந்தார்கள். ஓட்டிக்கொண்டே கையால் பேச முடியாது. ஆகவே இஞ்சினைப் போடாமல், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மாஸ்டர் புருவத்தை உயர்த்தினார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். இந்த முறை இரண்டாவது கியருக்கு இறங்கவில்லை.

அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். புரியவில்லை என்பதற்கு அவரிடம் சைகை கிடையாது, தேவைப்பட்டதில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி கையைக் காட்டுவதுதான் முடிந்தது. அவள் மறுபடி சொன்னாள். மறுபடி நிறுத்தினார். மூன்றாவது தடவை பழைய வீட்டுச் சைகைகளைக் கலந்து, ஒரு பாங்கு ரசீதின் பின்புறம் இரண்டு படமும் போட்டு அவள் விளக்கினாள். தன் காரில் யாருக்கும் ரிவர்ஸ் எடுக்க அவர் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆபரேஷன். அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு இல்லை, மூன்று வாரம் கழித்து. இங்கே இல்லை, நகரத்தின் மறுகோடியில் இன்னொரு ஆஸ்பத்திரியில். அங்கே வெட்டும்போதே அந்த நரம்பைக் கவனித்துக்கொண்டிருக்க ஒரு கருவி இருக்கிறதாம். இந்த டாக்டரே கடிதம் தருகிறார். மூன்று வாரம் பொறுக்கலாம் என்றும் அவரே சொன்னார். மயக்கம் கொடுக்கும்வரை மொழிக்காரம்மா கூட இருக்க வேண்டும். டிரிப் ஊசியை வலது கையில் குத்தக்கூடாது, கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கண் விழித்ததும் அவள் அந்தக் கைகளால் பேச வேண்டும். எல்லாவற்றையும் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவளும் போட்டிருந்தாள்.

மூன்று வாரம் எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். வெட்டு, சீக்கிரம் என்று இரண்டு தடவை செய்து காட்டினார். அவள் தலையை அசைத்தாள். குரல் என்பதற்கு அவர் உதட்டில் விரலை வைக்கப் போனார். அது சத்தத்துக்கான சைகை, அதுவும் நிறுத்தச் சொல்லும் சைகை என்று பாதி வழியில் நினைவு வந்து விரல் மூக்கருகே நின்றுவிட்டது. தங்கை அதைப் பார்த்தாள். அவர் விரலைப் பிடித்து இறக்கி, தொண்டையிலிருந்து வெளியே ஓடும் ஒரு கோட்டை அவர் கழுத்திலேயே வரைந்து காட்டினாள். அதுதான் குரல்.

அப்புறம் அவர் தன்னைத் தொட்டுக் காட்டினார். நான்?

வா, என்றாள். ஒரு கையால், தன் பக்கமாக. அந்தச் சைகை அவருக்குத் தெரியும். அதில் 'ங்க' உண்டா இல்லையா என்று கேட்க ஆளில்லை.

மகளிடம் நான் சொல்கிறேன் என்று அவர் முன்வந்தார். சின்னப் பெண், பக்குவமாக, கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும். தங்கை கையை வீசி மறுத்துவிட்டு, காரை எடு என்று சாவியைக் காட்டினாள்.

சாயங்காலம் அவர் மாடிக்குப் போனபோது சமையலறை மேஜையில் பாடப் புத்தகங்கள் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. தாயும் மகளும் எதிரெதிரே. தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள், எதையும் குறைக்கவில்லை என்பது கை ஓடிய நேரத்திலேயே தெரிந்தது. கட்டி வந்தது, கத்தி வந்தது, கட்டில் வந்தது. மாஸ்டருக்கு மூன்றில் ஒரு பங்கு பிடிபட்டது. சிறுமி அழவில்லை, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அம்மாவின் கழுத்தை ஒரு விரலால் தொட்டு, வேகமாக ஏதோ கேட்டாள். தங்கை யோசித்தாள். ஒரு பதில் சொன்னாள். சிறுமி அதற்கு இன்னொன்று சொன்னாள், இரண்டு கையாலும், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

தங்கை சிரித்தாள். சத்தமாக, அடிவயிற்றிலிருந்து. அந்தச் சிரிப்பு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிருக்கும்.

"என்ன, என்ன கேட்டே?" என்றார் மாஸ்டர், கதவருகில் நின்று. "எனக்கும் சொல்லேன்."

"இருங்க மாமா," என்றாள் சிறுமி, திரும்பாமலே. "அம்மா இன்னும் முடிக்கல."

அவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்தார். இருவர் கைகளும் தெரியும்படி, விளக்கை மறைக்காமல் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.